அவங்க எப்ப நம்ம ஊருக்கு வருவாங்க?

போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். அக்கா மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் சுற்றறிக்கை அது. "ஜெர்மனி: பண்பாட்டுப் பரிமாற்றப் பயணம், எட்டு நாள்" என்று தலைப்பு. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, கொலோன் தேவாலயம், ரைன் நதியில் படகுச் சவாரி, சாக்லேட் அருங்காட்சியகம், அப்புறம் ரயில் ஏறி பெர்லின். நடுவில் ஒரு நாள் காலை மட்டும் ஒரு ஜெர்மன் பள்ளியில் இரண்டு மணி நேரம் கலை நிகழ்ச்சி. நம் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கும்மியும் பரதமும் ஆடிக் காட்டுவார்கள். தங்குவது முழுக்க ஓட்டலில். ஆளுக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

அக்கா வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்றைக்குச் சாப்பிடும்போது யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள்தான் வேறொன்று கேட்டாள்.

"பரிமாற்றம்னு போட்டிருக்கே மாமா. நாங்க போறோம், சரி. அவங்க எப்ப நம்ம ஊருக்கு வருவாங்க?"

சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதில் அதில் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. பிள்ளைகளைக் கூட்டமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் எப்படி வந்தது, யார் செலவில் நடந்தது, போன பிள்ளைகளுக்கு எதைக் காட்டினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடி எடுத்ததில் நெய்வேலிக்குத் தொடர்புள்ளதை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

அவர்கள் வந்த காலம்

வேடிக்கை என்னவென்றால், நெய்வேலியைப் பொறுத்தவரை 'அவங்க' ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அறுபது வருடத்துக்கு முன்னாடியே.

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதில்தான் ஊரின் கதை தொடங்குகிறது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, ஆய்வுகள் நடந்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவனமாகப் பதிவானது. நேருவின் பிறந்தநாள், இன்றைக்குக் குழந்தைகள் தினம். 1957 மே 20 அன்று சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தவரும் அவரேதான்.

நிலக்கரியின் மேல் இருக்கும் மண்ணை அள்ள மேற்கு ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தன. அள்ளிய நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் முதல் அனல்மின் நிலையம் சோவியத் யூனியன் உதவியில் எழுந்தது. 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழுந்தது. அதே ஆகஸ்டில் நெய்வேலியில் முதன்முதலாக நிலக்கரிப் படுகை வெளியே தெரிந்தது. அங்கே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்ற இரண்டு உலகமும், இங்கே தென்னார்க்காட்டு முந்திரிக்காட்டுக்குள் ஒரே வேலையில் முன்னும் பின்னுமாக நின்றன. ஜெர்மன் எந்திரம் தோண்டியது, ரஷ்ய கொதிகலன் எரித்தது. முதல் அலகு 1962-ல் ஓடத் தொடங்கி, 1970-க்குள் 600 மெகாவாட் ஆனது. 2020-ல் அந்த நிலையத்தை மூடும் வரைக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசினால் பேச்சில் ரஷ்யாக்காரர்களும் வந்துவிடுவார்கள்.

அப்பா அப்போது சின்னப் பையன். அவர் சொல்லும் ஒரு கதை உண்டு. பஜாரில் பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கிய ஒரு ரஷ்யர், அங்கேயே உட்கார்ந்து தானே பிளந்து சாப்பிட்டாராம். கையெல்லாம் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தார், மண்ணைப் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. கடைக்கார ஆயா அவர் கையைப் பிடித்து இழுத்து, நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்துக் காட்டியதாம். அடுத்த வாரம் அவர் பழம் வாங்க வந்தபோது கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாராம். "இவ்ளோதான்டா, பாஷையே வேணாம்" என்று அப்பா முடிப்பார்.

ஒருவர் வீட்டுப் பழக்கம் இன்னொருவர் கைக்குப் போனது. யாரும் அதற்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

கடற்கரையில் ஒரு முகாம்

இங்கிருந்து பிள்ளைகள் போன கதைக்கு வருகிறேன். பனிப்போர்க் காலத்தில் ஓர் இந்தியக் குழந்தை பெற்றோர் செலவில்லாமல் வெளிநாடு போக இருந்த வழிகளில் பிரபலமானது ஆர்த்தேக்.

கிரிமியாவில், கருங்கடல் ஓரம், குர்சூஃப் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. 1925 ஜூனில் சோலவ்யோவ் என்ற மருத்துவர் காசநோய் தாக்கக்கூடிய பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. முதல் அணியில் துணிக்கூடாரங்களில் 80 பிள்ளைகள். அடுத்த வருடமே ஜெர்மனியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அது வளர்ந்து, சோவியத் யூனியன் உலகத்துக்குக் காட்டும் முகப்பு ஆகிவிட்டது. நேரு, இந்திரா, ககாரின் எல்லாரும் போய்ப் பார்த்த இடம்.

நம் பிள்ளைகள் அங்கே போனதற்கு ஒரு பத்திரிகை காரணம். தில்லியிலிருந்த சோவியத் தூதரகம் வெளியிட்ட 'சோவியத் நாடு' இதழ், நேரு பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுத்தது. தமிழில் ஜெயகாந்தனும் தொ.மு.சி. ரகுநாதனும் அதைப் பெற்றவர்கள். பெரியவர்களுக்கு எழுத்துக்காகக் கொடுத்ததை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பிரிவு இருந்தது. படம் வரைந்து பரிசு வாங்கிய சிறுவர் சிறுமியருக்குக் கிடைத்த பரிசு, ஆர்த்தேக் முகாமில் கோடை விடுமுறை.

ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் நூலகத்தில் மலிவு விலை ரஷ்ய நூல்களைப் படித்த தலைமுறை அது. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' தமிழில் படித்துவிட்டு, கிர்கீசிய மலைக் கிராமத்தைத் தன் கிராமம் மாதிரி நினைத்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அந்தப் புத்தகம் வந்த தேசத்துக்கே போவது என்றால்!

ஆனால் போய்ப் பார்த்தது என்ன? எல்லாருக்கும் ஒரே சீருடை, கடல், உடற்பயிற்சி, இரவில் நெருப்பு மூட்டி நட்பு விழா. பல நாட்டுப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்கினார்கள், அது உண்மையான அனுபவம்தான். அதே நேரம், ரொட்டிக்கடை வரிசையையோ ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறையையோ அந்த முகாமிலிருந்து பார்க்க முடியாது. செலவை ஏற்றவர்கள் காட்ட விரும்பியதுதான் பயணத்திட்டம் ஆனது. இதை நான் சோவியத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. இந்த விதி எல்லாப் பயணத்துக்கும் பொருந்துகிறது என்பதைத்தான் மேலே படிக்கப் படிக்கப் பார்த்தேன்.

ஆர்த்தேக் போனவர்களில் உலகப் புகழ் பெற்றவள் சமந்தா ஸ்மித். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிறுமி. 1982-ல், பத்து வயதில், சோவியத் தலைவர் அந்திரோபவுக்கு ஒரு கடிதம் எழுதினாள்: போர் தொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டு. அவர் பதில் எழுதி அழைத்தார். 1983 ஜூலையில் போனாள். ஆர்த்தேக்கில் மற்றப் பிள்ளைகளோடு தங்கினாள். 1985-ல் விமான விபத்தில் இறந்துபோனாள். அடுத்த வருடம், 1986-ல், மாஸ்கோவிலிருந்து காத்யா லிச்சேவா என்ற பதினோரு வயதுச் சிறுமி அமெரிக்காவுக்குப் போனாள்.

என் மருமகள் கேட்டது இதைத்தான் இல்லையா? ஒருத்தி போனாள், இன்னொருத்தி வந்தாள். சந்தித்துக்கொள்ள முடியாமல் போனாலும் அந்தக் கணக்கு நேரானது.

வீட்டில் தங்கு, வீட்டுக்கு வா

இந்த 'போய் வருதல், வந்து போதல்' கணக்கை ஒழுங்காகச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், ஒருவரையொருவர் கொன்று களைத்தவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஏ.எஃப்.எஸ். என்று ஒரு மாணவர் பரிமாற்ற அமைப்பு உண்டு. அதைத் தொடங்கியவர்கள் கல்வியாளர்கள் இல்லை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிய அமெரிக்கத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சேவை அது. இரண்டாவது போரும் பார்த்து முடித்த பிறகு, அள்ளி ஏற்றிக்கொண்டே இருப்பதைவிட, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளை ஒருவர் வீட்டில் இன்னொருவர் தங்க வைத்தால் என்ன என்று யோசித்து, 1947-ல் பள்ளி மாணவர்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1963 ஜனவரியில் எலிசே ஒப்பந்தம் போட்டன. எழுபது வருடத்தில் மூன்று பெரிய போர்கள் போட்ட இரண்டு நாடுகள். அந்த ஜூலையிலேயே இரண்டு நாட்டு இளைஞர்களுக்குமாகச் சேர்ந்து ஓர் அலுவலகம் திறந்தார்கள். செலவை இரண்டு அரசும் பங்கு போட்டுக்கொண்டன. இன்றுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். பள்ளிப் பரிமாற்றத்தில் அங்கே வழக்கமான முறை இது: நீ என் வீட்டில் ஒரு வாரம் தங்கு, என் அம்மா சமைப்பதைச் சாப்பிடு, என்னோடு என் வகுப்புக்கு வா. சில மாதம் கழித்து நான் உன் வீட்டுக்கு வருகிறேன்.

இதில் மறைக்க வழியில்லை. ஓட்டல் அறையில் எல்லாம் அழகாக இருக்கும். வீட்டில் தங்கினால் தாத்தாவின் கோபம், அம்மாவின் வேலை நேரம், மாசக் கடைசிக் குழம்பு எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு அரசும் செலவு செய்வதால் ஒரு தரப்பு மட்டும் 'காட்சி' வைக்கவும் முடியாது.

நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வெளிநாடு போயிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 50 மாணவர்களை ஃபின்லாந்துக்கும் சுவீடனுக்கும் அனுப்பியது. 2022 நவம்பரில் ஒரு குழு அமீரகம் போய் சார்ஜா புத்தகத் திருவிழாவைப் பார்த்தது. இதை விமானநிலையப் புகைப்படம்தானே என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி வேலை செய்பவரின் பிள்ளை தன் மதிப்பெண்ணாலும் திறமையாலும் பாஸ்போர்ட் எடுப்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கேட்காத சுற்றறிக்கை அது. ஆனால் அங்கேயும் மருமகளின் கேள்வி நிற்கத்தான் செய்கிறது. ஃபின்லாந்துப் பிள்ளைகள் ஐம்பது பேர் நம் அரசுப் பள்ளி விடுதியில் தங்கி, சத்துணவு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போனால்தானே அது பரிமாற்றம்?

கொலோனிலிருந்து ஒரு மணி நேரம்

இவ்வளவும் படித்துவிட்டுச் சுற்றறிக்கைக்குத் திரும்பினேன். 'கொலோன்' என்ற பெயரில் கண் நின்றது. வரைபடத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

கொலோன் தேவாலயத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரத்தில் ஹம்பாக் சுரங்கம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி கார்ஸ்வைலர் சுரங்கம். இரண்டும் திறந்தவெளிச் சுரங்கங்கள். தோண்டுவது அதே பழுப்பு நிலக்கரி. ஜெர்மன் மொழியில் 'பிரவுன்கோலெ' என்கிறார்கள், வார்த்தைக்கு வார்த்தை நம் பெயர்தான். தோண்டுவதும் நம் ஊர் பக்கெட் வீலின் அண்ணன்மார்தான். அவற்றில் ஒன்று 96 மீட்டர் உயரம், 14,200 டன் எடை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான எந்திரம் நகர்ந்து நகர்ந்து மண்ணைத் தின்னும்.

எந்திரம் மட்டும் இல்லை, அது விழுங்கியதும் ஒன்றுதான். கார்ஸ்வைலருக்காக இம்மெராத் என்ற கிராமம் காலி செய்யப்பட்டது. அந்த ஊரின் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். லுட்ஸெராத் என்ற இன்னொரு சிற்றூரைக் காக்க உட்கார்ந்திருந்தவர்களை 2023 ஜனவரியில் போலீஸ் தூக்கி அப்புறப்படுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நாட்டின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் நூறு வருடத்தில் 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் நிலக்கரிக்காகப் போயிருக்கின்றன. அவற்றில் நிறைய, சோர்பு என்ற சிறுபான்மை மக்களின் ஊர்கள். ஜெர்மனிக்குள்ளேயே தனி மொழி பேசுகிறவர்கள். ஊர் போனபோது மொழி பேச இருந்த இடமும் போனது. அங்கே ஹோர்னோ என்ற ஊரை இடம் மாற்றியபோது, புது ஊரில் 'காணாமல் போன ஊர்களின் ஆவணக்காப்பகம்' ஒன்றைத் திறந்து வைத்தார்கள். எந்த ஊர் எங்கே இருந்தது என்று பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம்.

அதே 2023-ன் ஜூலையில் நம் பக்கம் வளையமாதேவியில் நடந்தது ஞாபகம் இருக்கும். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. லுட்ஸெராத்துக்கும் இதற்கும் நடுவில் ஆறே மாதம்.

சுற்றறிக்கையில் சாக்லேட் அருங்காட்சியகம் இருக்கிறது, சுரங்கம் இல்லை. யாரும் திட்டமிட்டு மறைத்திருக்க மாட்டார்கள். பயண ஏற்பாட்டாளர் சென்னைப் பிள்ளைகளுக்கும் கோவைப் பிள்ளைகளுக்கும் விற்கும் அதே எட்டு நாளைத்தான் நெய்வேலிப் பிள்ளைகளுக்கும் விற்கிறார். பணம் கட்டும் பெற்றோர் என்ன கேட்பார்கள் என்று அவர் நினைக்கிறாரோ அதுதான் திட்டம். முகாமைக் காட்டியது ஓர் அரசு, சாக்லேட்டைக் காட்டுகிறது ஒரு கடை. ஆனால் உலகத்திலேயே இம்மெராத்தை இடித்த கதை கேட்டவுடன் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் நெய்வேலிப் பிள்ளைகள்தான். அவர்கள் இம்மெராத் பக்கமே போகாமல் திரும்பி வரப் போகிறார்கள்.

அப்பாவின் கேள்வி

இந்த வாரம் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பிறந்த ஊர் முதல் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஏழெட்டு வயதில் மாட்டு வண்டியில் சாமான் ஏற்றி வந்ததைத் தவிர அதிகம் பேச மாட்டார். ஜெர்மனியிலும் ஊர் ஊராகத் தோண்டினார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எங்க குடி வச்சாங்க?"

ஊரை ஒட்டுமொத்தமாக வேறு இடத்தில் கட்டிக் கொடுத்து, பழைய பெயருக்குப் பின்னால் 'புது' என்று சேர்த்தார்கள், இம்மெராத் புதுசு என்று ஓர் ஊர் இருக்கிறது என்றேன்.

"கல்லறையெல்லாம்?"

அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ம்." கொஞ்சம் விட்டு, "நம்ம ஊர்ப் பேரை இப்ப யார் சொல்றா?" என்றார். அவர் பாட்டுக்குச் சொன்னதா, என்னைக் கேட்டதா என்று புரியவில்லை. சாமியை மட்டும் தூக்கி வந்தோம் என்று அவர் சொல்வது வழக்கம். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.

மருமகளுக்குப் போன் போட்டு முழுக் கதையும் சொன்னேன். பயணத்துக்குப் போ, போகாதே என்று சொல்லவில்லை. அது அவள் அப்பா அம்மா கையில் இருக்கும் பணத்தின் கணக்கு, நான் பேசக்கூடியது இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்க இரண்டே கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, கொலோனில் ஒரு நாளைச் சுரங்கம் பார்க்க மாற்ற முடியுமா? இரண்டு, அந்த ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் இங்கே வந்தால் எங்கள் வீடுகளில் தங்கவைக்கத் தயார், கடிதம் எழுதிக் கேட்பீர்களா?

அவள் மூன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டாள். போகமுடியாத பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளோடு பேச ஒரு வழி வேண்டும், வீடியோ காலாவது. போகாதவர் பட்டியலில் தன் பெயர் இருக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது போல.

நேற்று இரவு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். நோட்டுப் புத்தகத் தாளில் ஜெர்மன் பிள்ளைகளிடம் கேட்பதற்கு அவள் எழுதி வைத்திருக்கும் பட்டியல். உங்கள் ஊர் எந்திரத்தின் சத்தம் ராத்திரி கேட்குமா? துணி காயப்போட்டால் கரி படியுமா? உங்கள் அப்பாவும் சுரங்கத்திலா? வேலை நிரந்தரமா? 2030-ல் மூடிவிடுவார்களாமே, அப்புறம் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வி வேறு கையெழுத்தில், கோணல் மாணலாக இருந்தது. அப்பா எழுதியது.

பழைய ஊர் பேரு என்ன?